பில்டர் பணத்தில் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரந்தோறும் உங்கள் நாளிதழோடு வரும் வீடு, மனை இணைப்பை விடாமல் படிக்கிறவன் நான். எந்தப் பகுதியில் சதுர அடி என்ன விலை, எந்த வங்கியில் வட்டி குறைவு, வாஸ்துப்படி அடுக்களை எந்த மூலையில் இருக்க வேண்டும், எல்லாம் வருகிறது. சாவி வாங்கிக் குடியேறிய பிறகு சுவர் கசிந்தால் யாரிடம் போவது என்பது மட்டும் வருவதில்லை. விளம்பரம் தருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், புரிகிறது. அதனால்தான் வாசகர் கடிதமாக எழுதுகிறேன்.

பொதுப்பணித் துறையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்கொடையையும் ஊர் நிலத்தை விற்ற பணத்தையும் போட்டு, சென்னைப் புறநகரில் 16 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினேன். ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண், பணி நிறைவுச் சான்று எல்லாம் இருந்தன. 2021 தை மாதம் பால் காய்ச்சினோம். அந்த வருடம் நவம்பர் பெருமழையின்போது படுக்கையறைச் சுவரில் உப்பு பூத்து, பெயிண்ட் கொப்பளித்து உதிர ஆரம்பித்தது. மழைதான் காரணம் என்று நினைத்தோம். ஆனால் மழை விட்டு வெயில் அடித்த பிறகும் குளியலறைக் கூரையில் சொட்டு நிற்கவில்லை.

பில்டரிடம் கேட்டால், "மேல் வீட்டுக்காரங்ககிட்ட பேசிக்கங்க சார், அவங்கதான் தண்ணிய ஊத்துறாங்க" என்றார். குளியலறையில் ஊற்றாமல் வேறு எங்கே ஊற்றுவார்கள்? மேல் வீட்டில் இருப்பது வேலைக்குப் போகும் இளம் தம்பதி. நல்ல பிள்ளைகள். அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் போய், லிஃப்டில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற காலம் உண்டு. தனியார் பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து பார்க்கச் சொன்ன பிறகுதான், அவர்கள் வீட்டுச் சங்கன் ஸ்லாபில் (குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திக் கட்டும் குளியலறைத் தளத்தில்) நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சே ஒழுங்காகப் போடவில்லை என்று தெரிந்தது. தப்பு கட்டியவருடையது, சண்டை எங்களுக்குள். அடுக்குமாடிகளில் பில்டர்கள் தப்பித்துக்கொள்ளும் வழியே இதுதான்.

அடுத்து எங்கள் பில்டர் காட்டியது ஒப்பந்தத்தை. 'ஒப்படைத்த நாளிலிருந்து 12 மாதம் வரைதான் பழுதுக்குப் பொறுப்பு' என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் பார்த்தே பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். தேவையில்லை. ரெராவை உருவாக்கிய 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவு, 3-வது உட்பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, பொருளின் தரத்திலோ குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். சட்டம் 5 ஆண்டு என்று சொன்னதை ஒப்பந்தத்தில் 12 மாதமாகச் சுருக்க முடியாது. அந்த 5 ஆண்டுக்குள் வீட்டை இன்னொருவருக்கு விற்றிருந்தால், வாங்கியவருக்கும் இந்த உரிமை உண்டு.

எழுத்தில் கேட்பது முக்கியம். போனில் எத்தனை முறை பேசினாலும் கணக்கில் வராது. பொறியாளர் அறிக்கை, படங்கள் எல்லாவற்றையும் இணைத்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அதற்கு அப்புறம் பில்டர் ஒரு ஆளை அனுப்பினார். அவர் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே உப்பு.

ரெராவில் பழுதைச் சரிசெய்ய உத்தரவு கேட்பது ஆணையத்திடம். இழப்பீடு என்றால் அங்குள்ள தீர்ப்பு அலுவலரிடம். நான் இழப்பீடு கேட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரெரா இருப்பதால் அந்த வழி அடைபடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் அங்கே கெடு 2 ஆண்டுதான். எட்டு வீட்டுக்குள் கட்டப்படும் சின்ன அடுக்குமாடிகளுக்கு ரெரா பதிவே தேவையில்லை என்பதால், அவற்றில் வாங்கியவர்கள் இந்த 2 ஆண்டைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, எனக்கு என்ன ஆனது? உத்தரவு என் பக்கம் வந்தது. பணம் வரவில்லை. மேல்முறையீடு செய்வதென்றால் எனக்குத் தர வேண்டிய தொகையை பில்டர் முதலில் கட்டியாக வேண்டும், அது சட்டம். எனவே அவர் மேல்முறையீடே செய்யாமல் பேசாமல் இருந்துவிட்டார். நில வரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் எங்கள் கட்டடத்துக்கென்று தொடங்கிய கம்பெனியின் பெயரில் இப்போது ஜப்தி செய்ய ஒரு நாற்காலிகூட இல்லை. அதே ஆள், வேறு பெயரில், இரண்டு தெரு தள்ளி அடுத்த கட்டடத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இங்கேதான் என் பழைய வேலை நினைவுக்கு வருகிறது. அரசுக் கட்டடத்தில் ஒப்பந்ததாரரின் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைப்போம். வேலை முடிந்து, பழுதுப் பொறுப்புக் காலம் கழிந்து, பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பணம் விடுவிக்கப்படும். எனவே தளம் ஒழுகுகிறது என்று ஒரு கடிதம் போனால் போதும், மறுநாளே கொத்தனார் வந்து நிற்பார். யாருடைய நல்ல மனதையும் நாங்கள் நம்பியிருக்கவில்லை.

வீடு வாங்குகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று ரெரா சட்டம் சொல்கிறது. ஆனால் அது கட்டி முடிப்பதற்கு. கட்டடம் வளர வளர அதை எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பு 5 ஆண்டுக்கு நீள்கிறது, அந்தப் பொறுப்புக்கு ஈடாக ஒரு ரூபாயும் எங்கும் நிற்பதில்லை.

விற்பனை ஒப்பந்தம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை மாநில அரசின் விதிகளே வகுக்கின்றன. அதில் ஒரு பிரிவு சேர்க்கலாம்: சாவி தரும்போது கொடுக்கும் கடைசித் தவணை பில்டர் கைக்குப் போகாமல், குடியிருப்போர் சங்கமும் பில்டரும் சேர்ந்து இயக்கும் வங்கிக் கணக்கில் 5 ஆண்டு இருக்கட்டும். வட்டி அவருக்கே போகட்டும். விலை ஏறிவிடும் என்பார்கள். பிடித்தம் செய்கிறோம் என்பதற்காக எங்கள் துறை டெண்டருக்கு ஆள் வராமல் போனதை நான் பார்த்ததில்லை.

வீட்டு வசதித் துறை அமைச்சர் பார்வைக்கு இது போக வேண்டும் என்பதால் சுருக்காமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இணைப்பிலும் 14-வது பிரிவைப் பற்றி ஒரு கால் பக்கம் ஒதுக்கினால் நல்லது. வாஸ்துவை ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குக் கண்காணிப்பாளர்,
சென்னைப் புறநகர்