கடல் மீன் தொட்டிக்கு வாரா வாரம் கால்சியம் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் கடல் மீன் வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன்கள் நாலைந்து பேர் அதை போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "அண்ணே, இதெல்லாம் வாங்கணுமா?" என்று கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கால்சியம், அயோடின், ஸ்ட்ரான்ஷியம், அப்புறம் நுண்தாதுக் கலவை என்று நாலு பாட்டில், அதை வாரா வாரம் ஊற்றினால்தான் மீன் பிழைக்கும் என்று அதில் இருந்தது. நான் பன்னிரண்டு வருடமாக வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மீனும் இறாலும் மட்டும் இருக்கிற தொட்டிக்கு அந்த நாலில் ஒன்றுகூட வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். ஆற்று மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். கடல் மீன் குடித்துக்கொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் உப்பு அதன் உடம்பில் உள்ள நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், குடித்த நீரை வைத்துக்கொண்டு மிச்ச உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளித்தான் அது உயிர் வாழ்கிறது. ஆக, அதற்கு வேண்டிய தாதுக்களில் பெரும்பங்கு குடிக்கிற தண்ணீரிலேயே இருக்கிறது, மிச்சம் இரையில் வந்துவிடும். நல்ல கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு, அதில் கால்சியம் 400 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல், மக்னீசியம் 1300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். நாலு கோமாளி மீனும் இரண்டு டாம்சல் மீனும் இதில் எவ்வளவு எடுத்துவிடப் போகின்றன? பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால், அந்தக் கொஞ்சக் குறைவை ஈடுகட்ட அதுவே போதும்.

அப்படியானால் இந்தப் பாட்டில் பழக்கம் எங்கிருந்து வந்தது? பவளத் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து. அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரிதான். கல் பவளம் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டுகிறது. நன்றாக வளரும் பவளம் நிறைய இருந்தால் தண்ணீர் மாற்றி மட்டும் அதை ஈடுகட்ட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொட்டியில் கால்சியம் லிட்டருக்கு 360 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது, புதுத் தண்ணீரில் 420 இருக்கிறது, பத்தில் ஒரு பங்கு மாற்றுகிறீர்கள் என்றால் ஏறுவது வெறும் 6. அதனால்தான் அவர்கள் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. நன்றாகக் கரைத்துத் தெளியவைத்த நீர் ஒரு லிட்டர் விட்டால் 100 லிட்டர் தொட்டியில் கால்சியம் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஏறும், காரத்தன்மையும் (தண்ணீரில் கார்பனேட் எவ்வளவு என்று காட்டுகிற அளவு) அதற்கு ஏற்ற மாதிரி கூடவே ஏறும். (வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருப்பதை எடுத்துக் கலக்கிவிடாதீர்கள். அதன் சுத்தம் நமக்குத் தெரியாது. தெளிநீரின் காரமும் கடுமையானது, மொத்தமாக ஊற்றினால் மீன் செத்துவிடும்.)

ஆனால் நம் ஊரில் எத்தனை வீட்டில் பவளம் இருக்கிறது? இருக்கவும் கூடாது. கல் பவளங்களும் கடல் விசிறியும் கடல் குதிரையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. நம் கடலில் இருந்து ஒரு துண்டு பெயர்த்து எடுத்தாலும் குற்றம். பவளம் இல்லாத தொட்டிக்குப் பவளத்தின் சாப்பாட்டை ஊற்றி யாருக்கு என்ன லாபம்?

லாபம் இல்லாவிட்டாலும் போகட்டும், நஷ்டம் வருகிறது. ஏழு வருடத்துக்கு முன் நானே செய்தது இது. மீன் வாங்கப் போன கடையில், "மருந்து விடல்லியா? விடாம கடல் மீன் நிக்காது அண்ணே" என்றார்கள். எங்கள் பக்கம் பாட்டிலில் வருவது எல்லாமே மருந்துதான். கால்சியம் ஒரு பாட்டில், காரத்தன்மை ஏற்றுகிற பொடி ஒரு டப்பா வாங்கி வந்து, இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொட்டியில் விட்டேன். அன்றுவரை தண்ணீரை அளந்து பார்த்ததே இல்லை. ஐந்து நிமிடத்தில் தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. கோமாளி மீன் மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து திறந்து மூடியது. ராத்திரி பம்பு முனகியது, சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே காந்த உருளை முழுக்க வெள்ளையாக ஒரு பொருக்கு, போர்வெல் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி அண்டாவின் அடியில் படியுமே, அதே மாதிரி. வினிகரில் போட்டதும் பொசபொசவென்று நுரைத்தது, விடிகிற வரை ஊறிய பிறகுதான் உருளை சுற்றியது. நான் காசு கொடுத்து வாங்கி ஊற்றிய கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்து சுண்ணாம்பாக அங்கே உட்கார்ந்திருந்தது. காலையில் பார்த்தபோது ஒரு இறால் செத்துக் கிடந்தது. அதன் பிறகு முதலில் வாங்கியது தண்ணீரை அளந்து பார்க்கிற டெஸ்ட் கிட்.

அயோடின் இதைவிட ஆபத்து. ஒரு லிட்டர் கடல்நீரில் அது இருப்பதே சுமார் 0.06 மில்லிகிராம்தான். அவ்வளவு சின்ன அளவை வீட்டில் சரியாக அளப்பது கஷ்டம், அளக்க முடியாததைச் சொட்டுக் கணக்கில் விடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுகிற மாதிரி. பாசியிலும் இறால் சதையிலும் அயோடின் இருக்கிறது, இரையோடு போய்விடும்.

இரை என்று வந்தால்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் குறை வருவது அங்கேதான். ஒரே டப்பாவைத் திறந்து வைத்து வருடம் முழுக்கப் போடுகிறார்கள். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் திறந்த டப்பாவில் வைட்டமின் சி நாளாக நாளாகச் செத்துப்போகும், அது குறைந்தால் வளர்கிற மீனுக்கு முதுகெலும்பு கோணும். சின்ன டப்பாவாக வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும், அதற்குத் தனி பாட்டில் வேண்டாம். ஆர்டிமியா என்கிற உப்புநீர்க் குட்டி இறாலை மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. கடல் மீனுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகளில் முக்கியமானவை அதில் மிகக் குறைவு, மீனால் தானே அவற்றைப் போதிய அளவு செய்துகொள்ளவும் முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் பச்சை நெத்தோலியை நறுக்கிப் போடுவதும் சரியில்லை. அந்த இனத்தில் பல மீன்களில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், ஃபிரீசரில் வைத்தாலும் அது போகாது. நான் கொஞ்சும் (எங்கள் பக்கம் இறாலுக்கு அதுதான் பெயர்) கணவாயும் பொடியாக நறுக்கி, நாலைந்து நாளுக்கு வேண்டியதைத் தனித்தனியாக உறைய வைத்துக்கொள்கிறேன், இடையில் நல்ல குருணைத் தீவனம். பாசி தின்கிற சர்ஜன் மீனுக்குத் தேங்காப்பட்டணத்துப் பாறையில் பச்சையாக ஒட்டியிருக்கிற மெல்லிய இலைப்பாசியைக் கொஞ்சம் எடுத்து, நன்றாக அலசி, துணி மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப்பில் கவ்வித் தொங்கவிடுவேன். அது வந்து கொத்திக் கிழிக்கிற சத்தம் கண்ணாடியில் காதை வைத்தால் கேட்கும். வாய்ப்பு இருந்தால் வைட்டமினை இரையில் ஊறவைத்துக் கொடுக்கலாம், பாட்டிலில் நான் ஒத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். அதுவும் புதிதாக வந்து சரியாகத் தின்னாத மீனுக்கு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. கடல் பக்கத்தில் இருக்கிறது என்று கேனில் தண்ணீர் பிடித்து வருகிறோம். குழித்துறை ஆறு தேங்காப்பட்டணத்தில்தான் கடலில் விழுகிறது. எங்களுக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த நாட்களில் ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்துக்குப் பக்கத்தில் பிடித்த தண்ணீரில் உப்பும் குறையும், அதோடு கால்சியம் மக்னீசியம் எல்லாமே குறையும், ஆற்று அழுக்கு வேறு. அப்படிப்பட்ட தண்ணீரை வைத்துக்கொண்டு சத்துப் பாட்டில் தேடுவது வீண். தெரிந்த வள்ளக்காரரிடம் சொன்னால் வெளிக்கடலில் இருந்து இரண்டு கேன் எடுத்து வந்து தருவார். அடர்த்தி 1.025 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் இருக்கிறது, கேரள எல்லை தாண்டினால் பக்கம்தான். தொட்டி வைக்கும் முன் ஒரு தரம் போய் மீன்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். சமையல் உப்பைக் கரைத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் 85 சதவீதம்தான், மீன் குடிக்கிற மீதி 15 சதவீதம் அதில் இருக்காது.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையில் ஒரு வரியைத் திருத்தியே ஆக வேண்டும். வற்றிய அளவுக்கு உப்புநீர் ஊற்றுங்கள் என்று அச்சாகியிருக்கிறது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். 100 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் வற்றி, அந்த இடத்தில் உப்புநீரே ஊற்றி வந்தால் பத்து நாளில் லிட்டருக்கு 35 கிராம் என்பது 38.5 ஆகிவிடும், ஒரு மாதத்தில் 45-ஐத் தாண்டும். வற்றியதற்கு ஈடாக உப்பில்லாத சுத்தமான தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சித்திரை வெயில் தொடங்கிவிட்டது, அனுப்பிய பையன்களில் ஒருவன் ஏற்கெனவே அப்படித்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். வரும் ஞாயிறே அந்தத் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்