டிரம்பெட் சேர்த்தால் மட்டும் சோல் ஆகிவிடாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசையின் பாடகர்கள் வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஆல்பங்கள் பழைய பாட்டோடு டிரம்பெட்டும் சாக்சபோனும் சேர்த்தவை என்று உங்கள் இணைப்பிதழ்க் கட்டுரை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. உண்மையான வேலை தாளத்தில் நடக்கிறது.

சோல் பாடகி ஷாரன் ஜோன்ஸ் 2015-இல் டாப்-கிங்ஸ் குழுவோடு வெளியிட்ட 'இட்ஸ் எ ஹாலிடே சோல் பார்ட்டி' ஆல்பத்தில் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' ஆட்டம் போட வைக்கும் வேகத்தில் ஓடுகிறது. இன்னொரு சோல் பாடகரான ஓடிஸ் ரெடிங் அதே பாட்டை நிதானமாக, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும்படி இழுத்துப் பாடியிருக்கிறார். 1967 டிசம்பரில் அவர் இறந்து, மறு ஆண்டுதான் அது வெளிவந்தது. பாட்டு ஒன்று, நடை இரண்டு.

இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் ஏற்கெனவே வெளியான பாட்டை யாரும் கட்டாய உரிமத்தின் கீழ், அதாவது உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே கட்டணம் செலுத்தி, மறுபடி பதிவு செய்யலாம். தம் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றலாம், அடிப்படை மெட்டில் கைவைக்கக் கூடாது. இர்விங் பெர்லின் எழுதிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' அந்த வகை. 1818-இல் ஆஸ்திரியாவில் பிறந்த 'சைலன்ட் நைட்' மெட்டுக்கு உரிமையாளர் கிடையாது. என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

ஆனால் 'சைலன்ட் நைட்' மெட்டில் கைவைக்கத் தேவையே இல்லை. அது இயல்பிலேயே மும்மூன்றாக நடக்கும் பாட்டு. நிமிடத்துக்கு அறுபது அடி அளவுக்கு வேகத்தைக் குறைத்து, நான்கு அடிகளை ஒரு சுற்றாக்கி, திஸ்ர நடையில் (அடிக்கு மூன்று தட்டு) ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தைத் தட்டி, ஸ்னேர் என்ற சிறு டிரம்மை இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் வைத்தால் பாதி வேலை முடிந்தது. டிரம்மர் பழக்கதோஷத்தில் முதல் அடியை அழுத்தினால் திரும்பவும் தாலாட்டாகிவிடும். இதை முயலும் குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

அடுத்த சிக்கல் சுருதி. மெட்டின் வீச்சு கீழ் ச முதல் மேல் ம வரை; கடைசிச் சொல் அந்தக் கீழ் ச-வில் முடிகிறது. உச்சத்தில் கத்தாமல் இருக்கச் சுருதியை இறக்கினால், கடைசிச் சொல் தொண்டைக்குள் அமுங்கிப்போகும். பாடகருக்குக் கீழ் ச தெளிவாகக் கேட்கும் இடத்தை முதலில் பிடித்துவிட்டு, உச்சத்தை முழுக்குரலில் விட்டுவிடுவது நல்லது. சற்றுக் கரகரத்தாலும் சோலில் அது குறையல்ல. பிருகாக்களை (வேகமான ஸ்வர வளைவுகளை) வரிக்கு வரி கொட்டக் கூடாது. முதல் சரணத்தை நேராகப் பாடினால்தான் இரண்டாவதில் வளைப்பது காதில் விழும். அந்த டிரம்பெட்டும் சாக்சபோனும்? பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் மட்டும்.

ஷாரன் ஜோன்ஸின் அந்த ஆல்பத்தில் பழைய பாட்டே அல்லாத ஒன்றும் இருக்கிறது: 'எய்ன்ட் நோ சிம்னீஸ் இன் த ப்ராஜெக்ட்ஸ்'. புகைபோக்கியே இல்லாத அரசுக் குடியிருப்புக்குள் கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி வந்தார் என்ற ஒரு குழந்தையின் கேள்வி அது. உங்கள் கட்டுரையின் பட்டியலில் அதைக் காணோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்