சால்வை போட்ட பிறகு ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 7 கொடிநாள். 1949 முதல் கடைப்பிடித்து வருகிறோம். உண்டியலில் பணம் போட்டு, சட்டையில் கொடியைக் குத்திக்கொண்டு, ஊரிலுள்ள பழைய பட்டாளத்துக்காரரை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்துகிறோம். வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெரியவருக்கு இந்த மாதப் பென்ஷன் வந்ததா என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் காகித வேலையில் தன்னார்வமாகத் துணை நிற்பவர்கள் என்ற முறையில், அங்கே எது எதனால் கெடுகிறது என்பதை எழுதுகிறோம்.

முன்பு வங்கியே பென்ஷன் வழங்கியது. நவம்பரில் கிளைக்குப் போய், உயிரோடு இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணையவழிப் பென்ஷன் முறையில் பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை நேரடியாக வழங்குகிறது. வங்கிக் கணக்கு பணம் வந்து சேரும் இடம் மட்டுமே. இந்த மாற்றம் பல பெரியவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கையெழுத்துக்குப் பதிலாகப் பேரன் 'ஜீவன் பிரமான்' என்ற அரசுச் செயலியில் உயிர்வாழ் சான்றிதழ் பதியும்போது, பென்ஷன் வழங்கும் முகமை என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறான். சான்றிதழ் எண் உடனே வந்துவிடுகிறது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சான்றிதழோ போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை. ஸ்பர்ஷுக்கு மாறியவர் அந்த இடத்தில் ஸ்பர்ஷைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்ஷன் அனுமதித்த அலுவலகத்தையும் குறிக்க வேண்டும். அது தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. பி.பி.ஓ. எனும் பென்ஷன் வழங்கும் ஆணையில் அச்சாகியிருப்பதைப் பார்த்தே குறிக்க வேண்டும், ஊகம் கூடாது. எண் கிடைத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்காமல், சில நாள் கழித்து ஸ்பர்ஷ் தளத்தில் ஏற்கப்பட்டதா என்று பார்ப்பதே கடைசிப் படி. அடுத்த கெடுத் தேதியும் அங்கேயே தெரியும். எல்லோருக்கும் நவம்பர்தான் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

உழைத்துத் தேய்ந்த விரலில் கைரேகை விழாது. வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, வேறு விரல்களை மாற்றிப் பார்க்கலாம். அதுவும் சரிவராவிட்டால் முகப்பதிவு இருக்கிறது. ஜீவன் பிரமான் செயலியோடு ஆதாரின் முகப்பதிவுச் செயலியும் போனில் இருக்க வேண்டும். பெரியவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் இருட்டாகி ஏற்காது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், கண்ணாடியைக் கழற்ற வேண்டும், சொன்னதும் கண் சிமிட்ட வேண்டும். படிவத்தில் மறுவேலையில் இருக்கிறீர்களா, மறுமணம் ஆனவரா என்று இரண்டு கேள்விகள் வரும். குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாவுக்கு அவசரத்தில் 'ஆம்' என்று தொட்டுவிட்டால் அதைச் சரிசெய்ய எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துவிட்டுத் தொடுங்கள்.

எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது பெயர்க் குழப்பம். படையிலிருந்து விடுபடும்போது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். இரண்டும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. மனைவி பெயரில் ஒன்றில் 'அம்மாள்' இருக்கும், மற்றொன்றில் இருக்காது. சில பதிவேடுகளில் மனைவியின் பெயரே ஏறியிருக்காது. இதெல்லாம் கணவர் உயிரோடு இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. அவர் மறைந்த பிறகு, குடும்பப் பென்ஷன் கேட்டு அந்த அம்மா போய் நிற்கும்போதுதான் வெளியே வரும். ஆகவே பெரியவர் நன்றாக இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ., இருவரின் ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு மணி நேர வேலை. வேறுபாடு இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அந்தந்தப் படைப்பிரிவின் பணிப்பதிவேடுகளை வைத்திருக்கும் ரெகார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல்தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின்-இயந்திரப் பொறியாளர் படையான ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத். மறைவு நேர்ந்தால் உடனே தெரிவிப்பதும் முக்கியம். அதற்குப் பிறகும் வரவாகும் பென்ஷன் திரும்பப் பிடிக்கப்படும். கைச்செலவுக்கு எடுத்துவிட்ட விதவைக்கு அது பெரிய அடி.

பென்ஷனே இல்லாதவர்களும் உண்டு. 15 ஆண்டு நிறையாமல் வெளியே வந்த சிப்பாய்க்குச் சேவைப் பென்ஷன் கிடையாது. ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, 65 வயது கடந்து, வறுமையில் இருப்பவருக்கு முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய சைனிக் போர்டு மாத உதவி தருகிறது. அவர் இல்லையென்றால் விதவைக்கு. கொடிநாளில் நாம் போடும் காசு போய்ச் சேரும் இடங்களில் இதுவும் ஒன்று. அப்படி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தும் விண்ணப்பம் போகாமல் கிடந்தால், உண்டியல் நிறைந்து என்ன பயன்?

உதவப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓ.டி.பி. வர வசதி என்று உங்கள் கைபேசி எண்ணைப் பெரியவரின் கணக்கில் பதிந்துவிடாதீர்கள். நாளை நீங்கள் எண் மாற்றினால் அவர் தம் கணக்குக்குள் நுழையவே முடியாது. கடவுச்சொல்லை அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி அவர் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். நகல்களைத் திருப்பிக் கொடுங்கள், போனில் எடுத்த படங்களை அவர் எதிரிலேயே அழியுங்கள். கூலி வாங்காதீர்கள், காபி கொடுத்தால் குடிக்கலாம்.

இதில் தன்னார்வலருக்கு என்ன கிடைக்கிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சான்றிதழ் எதுவும் இல்லை. ஆனால் ஓர் அரசு ஆணையை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வரும். சொந்த வீட்டுக்கே அது உதவும். நின்ற பென்ஷன் நிலுவையோடு வந்த அன்று அந்த வீட்டிலிருந்து வரும் போன் இருக்கிறதே, அதற்காகவே பலர் அடுத்த மாதமும் வருகிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அக்டோபர் கடைசி வாரத்தில், உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தியாக, முகமைப் பெயரில் ஸ்பர்ஷ், சான்றிதழ் ஏற்கப்பட்டதா என்ற சரிபார்ப்பு, பெயர் ஒப்பீடு, மாவட்ட நல அலுவலகத்தின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் வெளியிட்டால் பலர் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் தன்னார்வலர்கள் சிலர்