அ எழுத பன்னெண்டு பேரு

மாப்ள,

எப்படி இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு சோடாபுட்டி சொன்னான், சந்தோசம். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். இப்ப நான் எழுதுறது வேற விஷயம், இத உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல.

ஞாயித்துக்கெழம நம்ம ஊர் லைப்ரரில பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித் தர்றேன்ல, வர்றதுங்க எல்லாமே ‘சிபியூ தான் மூளை’ன்னு கடகடன்னு ஒப்பிக்குதுங்க, ஆனா கீபோர்டுல தட்டினது எப்படிடா உள்ள போய் அ-வா நிக்குதுன்னு கேட்டா முழிக்குதுங்க. எரிச்சலா வருதுடா, இதுக்கா பரீட்ச வச்சு மார்க் போடுறாங்க?

அதான் காலண்டர் அட்டைய வெட்டி 1, 2, 4, 8ன்னு இரட்டிச்சுக்கிட்டே 2048 வரைக்கும் எழுதி, பன்னெண்டு பேர வராண்டால வரிசையா நிக்க வச்சேன். அட்டைய தூக்கினா ஆன், எறக்கினா ஆஃப், கம்ப்யூட்டருக்கு இந்த ரெண்டுதான் தெரியும். தூக்கின அட்டைங்கள கூட்டினா வர்றதுதான் நம்பர். முதல்ல 13 கேட்டேன், 8, 4, 1 தூக்குச்சு. அப்புறம்தான் சொன்னேன், யூனிகோட்ல, அதான் எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனியா நம்பர் குடுத்த பட்டியல்ல, அ-வோட நம்பர் 2949, எங்க கொண்டு வாங்க பாப்போம்னு. 2048 போக மிச்சம் 901, அதுல 512, 256, 128, கடைசியா 4, 1. ஆறு அட்டை மேல, ஆறு கீழ. 1024 வச்சிருந்த பொடியனுக்கு தன்னோடத தூக்க முடியலன்னு மூஞ்சி சுருங்கிப் போச்சு. நீ தூக்கினா அது 3973, திபெத்திய எழுத்துல ஒரு குறியா மாறிடும், நீ எறக்கி வச்சிருக்கறதாலதான் இது அ-ன்னேன் பாரு, நெஞ்ச நிமித்திக்கிட்டு அசையாம நின்னான்டா!

உடனே ஒரு பாப்பா, ‘அப்ப கி?’ன்னுச்சு. க-வுக்கு 2965, மேல்விலங்குக்கு (ி) 3007, ரெண்டு நம்பர் வேணும்னேன். வெளிய வெளையாடிட்டு இருந்ததுங்களையும் இழுத்துட்டு வந்து ரெண்டாவது வரிசை போட்டுட்டாங்க.

அப்பதான் உன் நெனப்பு வந்துச்சு. டிடிபி சென்டர்ல ராத்திரியெல்லாம் பாமினி ஃபாண்ட்ல அடிச்சு பிளாப்பி டிஸ்க்ல கொண்டு போவ, போற எடத்துல அந்த ஃபாண்ட் இருக்காது, கல்யாணப் பத்திரிகை முழுக்க இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கெடக்கும். பாமினில நாம பாத்த அ உள்ள வெறும் இங்கிலீஷ் எம் தானே, மேல அ-ங்கற சட்டைய மாட்டி விட்டிருந்தாங்க. இப்ப அ-வுக்குன்னு சொந்த நம்பர் இருக்கு, அது எந்த ஊர் மெஷின்ல போனாலும் அ-தான். இது எவ்ளோ பெரிய விஷயம்னு இதுங்களுக்கு நான் சொன்னா ஏறாது, அடிவாங்கின நீ வந்து சொல்லணும்.

பொங்கலுக்கு வர்றல்ல? ரெண்டு நாள் சேத்து லீவு போடு. பரண்ல உன் பழைய பிளாப்பி ஏதாச்சும் கெடந்தா எடுத்துட்டு வா, அதுங்க இன்னும் கண்ணால பாத்ததே இல்ல.

உன்,
பெரியவன்