'மர்ம விலங்கு' எது? முதலில் விரலை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

'மர்ம விலங்கு நடமாட்டம். பொதுமக்கள் பீதி' என்ற தலைப்பைப் படிக்காத வாசகர் இருக்க மாட்டார். கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்கு அடியில் இரவில் ஏதோ உறுமியது, காலையில் மண் தோண்டிக் கிடக்கிறது, கோழி ஒன்றைக் காணோம். உடனே சிறுத்தை என்று பேச்சு கிளம்பிவிடும். சிறுத்தை விறகு அடுக்குக்கு அடியில் குடியிருக்காது. அங்கே தங்கக்கூடியவை பெருச்சாளி, கீரி, புனுகுப்பூனை, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு. மலையடிவார ஊர்களில் முள்ளம்பன்றியும் சேரும். குட்டி போட்ட தெருநாயையும் வீட்டுப் பூனையையும் மறந்துவிடக் கூடாது. பல மர்மங்கள் அவற்றோடு முடிந்துபோகின்றன.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு கிலோ கோலப்பொடியும் ஓர் இரவும் போதும். கல்லை அரைத்துச் செய்த பொடியாக இருக்கட்டும். அரிசி மாவைத் தூவினால் எறும்பும் சுண்டெலியும் அதைத் தின்ன வந்து தடத்தைக் கலைத்துவிடும். காலையில் எலித் தடத்தைப் பார்த்து எலிதான் என்று முடிவு கட்டுவோம். வளை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டடிக்கு இரண்டடி இடத்தைப் பெருக்கிக் கெட்டியான தரையாக்கி, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குப் பொடியைச் சலித்துத் தூவ வேண்டும். அடியில் மண் பொலபொலவென்று இருந்தால் கால் புதைந்து விரல் தெரியாது. கனமாகக் கொட்டினாலும் ஓரம் சரிந்து அதே கதிதான். மார்கழிப் பனியில் பொடி கட்டியாகிவிடும். அப்போது சலித்த ஆற்று மணலைச் சற்று ஈரமாக்கிப் பரப்பலாம். பொழுது சாய்ந்ததும் தூவி, கோழியும் காக்கையும் இறங்கும் முன் பார்த்துவிட வேண்டும். வீட்டு நாயைக் கட்டிவைப்பது முக்கியம்.

காலையில் விரல்களை எண்ணுங்கள். முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து என்றால் எலி இனம். நாலு காலிலும் ஐந்தைந்து விரல், முன்னால் நீண்ட நகக்கீறல் என்றால் கீரி. ஐந்து விரல் இருந்தும் நகம் மெலிதாகவோ பதியாமலோ இருந்தால் மரநாய். நான்கு விரல், நகத்தோடு என்றால் நாய் அல்லது நரி. நான்கு விரல், நகமே இல்லை என்றால் பூனை இனம். நடுவில் வால் இழுத்த கோடு நெளிந்து போக, இருபுறமும் நகம் பரந்த கால் பதிந்திருந்தால் உடும்பைத் தவிர வேறில்லை.

தவறு நேர்வது ஒரே ஒரு தடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லும்போதுதான். முன்கால் வைத்த இடத்திலேயே பின்கால் பட்டால் ஆறு ஏழு விரல் தெரியும். புனுகுப்பூனையின் பெருவிரல் சிறியது, பெரும்பாலும் பதியாது. அதனால் பூனை என்றே நினைக்கத் தோன்றும். அடுத்தடுத்து நான்கு தடங்களாவது பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். வீட்டுப் பூனையின் தடம் ஏறக்குறைய அந்த அளவுதான். காட்டுப்பூனையுடையது அதைவிடப் பெரிது. வளர்ந்த சிறுத்தை என்றால் அகலம் ஏழு சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். சாய்வாக எடுத்த படத்தில் நாய்கூடச் சிறுத்தையாகிவிடும்.

எச்சமும் பேசும். பெருச்சாளியின் புழுக்கை கேப்சூல் மாத்திரை வடிவில் இருக்கும். எச்சத்தில் ஈச்சங்கொட்டையும் இலந்தைக்கொட்டையும் முழுசு முழுசாகக் கிடந்தால் மரநாய். ஒரே கல்லின் மேலோ சுவரின் மேலோ மறுபடி மறுபடி போட்டு வைப்பது அதன் பழக்கம். ரோமமும் எலும்புத் துணுக்கும் கலந்திருந்தால் கீரியோ காட்டுப்பூனையோ. ஒரு முனையில் சுண்ணாம்பு போல வெள்ளை இருந்தால் உடும்பு. குச்சியால்தான் கிளற வேண்டும். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்; கையுறை போட்டு, நீர் தெளித்து நனைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். வளைக்குள் கையை விடவே கூடாது. எலி வளையில் நல்ல பாம்பு தங்குவது புதிதல்ல.

நேரமும் ஒரு துப்பு. பட்டப்பகலில் மைனாவும் அணிலும் ஓயாமல் கத்தினால் கீரியை எதிர்பார்க்கலாம். அது பகல் விலங்கு. இரவில் உறுமலும், வாசலில் குவித்த புது மண்ணும், பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று ஓட்டைகளும் என்றால் பெருச்சாளி. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'பாண்டிகூட்' என்ற பெயரே தெலுங்கின் 'பந்திக்கொக்கு', அதாவது பன்றி எலி. மிரண்டால் பன்றி போலவே உறுமும். 'சிறுத்தை உறுமல்' என்று கேட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வளை இப்போது புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க, வாயில் வைக்கோலைத் தளர்வாகச் செருகி விடுங்கள். வைக்கோல் வெளியே தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஆள் உண்டு. மழையில்லாத மூன்று இரவு அசையாமல் இருந்தால் காலி என்று கொள்ளலாம். சிமெண்ட் பூசி அடைப்பதுதான் மிகப் பெரிய பிழை. உள்ளே குட்டி இருந்தால் செத்து நாறும். தாய் வெளியே இருந்தால் கொட்டகையின் மறுபக்கத்தைத் தோண்டும். மிளகாய்ப் புகை போடுவது ஓலைக்கும் விறகுக்கும் தீ வைக்கும் வேலை. அந்துருண்டை வீசுவதால் நெடி வீட்டுக்காரர் மூக்கில் ஏறுவதுதான் மிச்சம்.

குட்டிச் சத்தம் கேட்டால் இரண்டு மாதம் பொறுங்கள். கேட்காவிட்டால் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கெட்டிக் கம்பி வலை) துண்டை மேற்பக்கம் மட்டும் கட்டி, வெளிப்புறம் திறக்கும் மடலாகத் தொங்கவிடலாம். தள்ளிக்கொண்டு வெளியே போகும், திரும்ப உள்ளே வராது. மற்ற ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். மூன்று நாள் கழித்து கொட்டகையைச் சுற்றி அதே வலையை ஓரடி ஆழம் புதைத்து, அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடித்து மண் மூடுங்கள். மடிக்காவிட்டால் வலைக்குக் கீழே தோண்டி வந்துவிடும். மெல்லிய கோழி வலை பெருச்சாளியின் பல்லுக்குத் தாங்காது. கீரி என்று தெரிந்து அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. எலித் தொல்லை குறையும் என்பதால் எங்களுக்கும் அதில் உடன்பாடுதான்.

கூண்டு வைத்துப் பிடித்து ஊருக்கு வெளியே விடுவதை மட்டும் செய்யாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் பொறி வைப்பதும் அடங்கும். அட்டவணையில் உள்ள விலங்கை அனுமதியின்றிப் பிடித்தால் குற்றம். மூலையில் சிக்கிய கீரி கடிக்கும், வெறிநோய் பரவக்கூடும். கடி பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விலங்கு காயம்பட்டிருந்தாலோ பட்டப்பகலில் தள்ளாடினாலோ விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இனி இப்படிச் செய்தி வரும்போது, பீதியடைந்த மக்கள் கூடி நிற்கும் படத்துக்குப் பதிலாக, நாணயம் பக்கத்தில் வைத்த கால்தடத்தின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர்கள் சிலர்,
தென்காசி.