கண்காட்சிகளின் வரலாறு தமிழில் வர ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஒரு கண்காட்சி முடிந்த மறுநாள் அந்தக் கூடத்தில் சுவர் ஆணிகளைத் தவிர எதுவும் இருப்பதில்லை. ஓவியங்கள் திசைக்கொன்றாகப் போய்விடும். எது எதன் பக்கத்தில் தொங்கியது என்பதற்கு மிஞ்சும் சாட்சி ஒரு விவரப் பட்டியல், சில சுவரொட்டிகள், அழைப்பிதழ்கள். பொதுக் கண்காட்சிகளும் கலைவிழாக்களும் வளர்ந்த கதையை அந்தத் தாள்களைக் கொண்டே தமிழில் எழுதி, படங்களுடன் நூலாகவும் எவரும் இலவசமாகப் படிக்கும் இணையத் தொகுப்பாகவும் வெளியிட முனைந்திருக்கிறோம். பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. இனிப் பணம் இல்லாமல் வேலை நகராது.

1737 முதல் பாரிஸின் லூவர் அரண்மனையில் ஒழுங்காக நடந்த ஓவியக் காட்சிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றானது. அது நடந்த கூடத்தின் பெயரே காட்சிக்கும் 'சலோன்' என்று நிலைத்தது. 1863இல் அதன் நடுவர்கள் ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தள்ளிவிட்டார்கள். எழுந்த எதிர்ப்பைக் கேட்டு பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்டவற்றுக்குத் தனிக் காட்சி வைக்கச் சொன்னார். ஓவியர் மானேயின் ஓவியத்தைக் கூட்டம் பார்த்துச் சிரித்தது அங்கேதான். அந்தக் காட்சிக்கு அவசரமாக அச்சான பட்டியலில் எல்லாப் படைப்புகளும் இடம்பெறவில்லை. ஆகவே உள்ளே என்னென்ன தொங்கின என்று இன்றும் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பட்டியல் குறைபட்டதற்கே இந்தக் கதி.

லண்டனில் 1851இல் சுமார் 60 லட்சம் பேர் பார்த்த கண்ணாடி மாளிகைக் கண்காட்சி, 1895இல் தொடங்கிய வெனிஸ் பியனாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சி, 1947இல் எடின்பரோ விழாவுக்கு அழைப்பில்லாமலே வந்து நாடகம் போட்ட எட்டுக் குழுக்கள் எல்லாம் நூலில் உண்டு. எங்களில் பலருக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது ஜெர்மனியின் காஸல் நகரத்து அத்தியாயம். 1937இல் நாஜிகள் நவீன ஓவியங்களைக் கேவலப்படுத்தவென்றே மியூனிக்கில் கண்காட்சி வைத்தார்கள். 1955இல் காஸலில், குண்டுவீச்சில் சிதைந்து முழுதும் சீராகாத கட்டடத்தில், ஓவியர் ஆர்னால்ட் போடே அந்த நவீன கலையை மீண்டும் மக்கள் முன் மரியாதையோடு வைத்தார். அதுதான் அந்நகரில் தொடர்ந்து நடந்துவரும் டாகுமெண்டா என்ற கலைக் கண்காட்சியின் தொடக்கம்.

எழுதுபவர் எவரும் ஊதியம் வாங்குவதில்லை. அருங்காட்சியகங்களுக்குக் கட்டவேண்டிய பட உரிமைத் தொகை, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிபெயர்ப்பு, பழைய தாள்களை ஸ்கேன் செய்வது, அச்சு ஆகியவற்றுக்கே நன்கொடை கேட்கிறோம். படச் செலவுதான் மிகப் பெரியது. படமில்லாமல் இந்த நூலை வெளியிட எங்களுக்கு மனமில்லை.

பழங்கால ஏதென்ஸில் விழா நாடகத்தின் பாடற்குழுச் செலவை வசதியுள்ள ஒரு குடிமகன் ஏற்பார். கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் நாடகங்களுக்கு அப்படிச் செலவழித்தவர் பெரிக்கிளிஸ் என்று கல்வெட்டு சொல்கிறது. கொடுத்தவர் பெயரையும் எழுதி வைத்த அந்த வழக்கத்தை நாங்களும் பின்பற்றுவோம். பெயர் வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிட்டால் போதும்.

தொகை சிறிதானாலும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு கொடுத்தவர் அனைவருக்கும் அனுப்பப்படும். பணம் இயலாதவர்கள் வீட்டிலிருக்கும் பழைய கண்காட்சிப் பட்டியல், விழா மலர், நுழைவுச்சீட்டு எதையும் இரவல் தரலாம். ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்