83 வயதில் மேயர்

ஆக்லாந்து, நியூசிலாந்து

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. வர்த்தகர் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள், இந்த வயசில் எதற்கு என்று எழுதியிருந்தாய். உனக்கு 71தானே? இந்த ஊரில் ஒருவர் 83 வயதில் மேயர் ஆனார். மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் அவர் கொடுத்த பூங்காவில்தான் நடக்கிறேன்.

ஜான் லோகன் கேம்பெல் என்று பெயர். எடின்பரோக்காரர், டாக்டருக்குப் படித்தவர். 1840-இல் அவர் வந்தபோது இங்கே நகரமே கிடையாது. வில்லியம் பிரவுன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரோடு கூட்டுச் சேர்ந்து, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளிடம் ஒரு குட்டித் தீவை வாங்கிப் பன்றி வளர்த்தார். நகரம் எழும்பத் தொடங்கியதும் கூடாரம் அடித்துக் கடை போட்டுவிட்டார். அப்புறம் இறக்குமதி, நிலம், பின்னாளில் பீர் ஆலை. படித்த வைத்தியம் மூட்டையோடு கிடந்தது!

வேடிக்கை என்னவென்றால், மனுஷன் இங்கே தங்கவே நினைக்கவில்லை. நாலு காசு சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் திட்டம். 1855-இல் ஆக்லாந்து மாகாணத்துக்கே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறு வருடமே அதை உதறிவிட்டு ஐரோப்பா போனார். இத்தாலியில் குடும்பத்தோடு இருந்து பார்த்தார். வியாபாரம் விடவில்லை, 1871-இல் திரும்பிவிட்டார். நாலு பிள்ளைகளில் மிஞ்சியது ஒரே மகள்.

1901-இல் பிரிட்டிஷ் இளவரசர் தம்பதி வந்தபோது வரவேற்க மேயர் வேண்டுமே, இவரை உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாள்தான். ஆனால் அந்தச் சமயத்தில் 230 ஏக்கரை மக்கள் பேருக்கு எழுதிக்கொடுத்தார். அதுதான் கார்ன்வால் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓரத்து நிலங்களில் வீடு கட்டியிருப்பவர்கள் தரும் குத்தகைப் பணம் அறக்கட்டளைக்கு வருகிறது. கடைக்காரன் கொடுத்த தானம் இல்லையா, வரவுக்கும் வழி இருக்கிறது! நகரத்து நடுவில் ஆடு மாடு மேய்வதைப் பார்க்க உனக்குப் பிடிக்கும். அவர் நட்ட ஆலிவ் மரங்கள்கூட நிற்கின்றன.

1912-இல், 94 வயதில் இறந்தார். பூங்காவை ஒட்டிய குன்றின் உச்சியில் சமாதி. பக்கத்திலேயே மாவோரிகளுக்கென்று அவர் உயில் பணத்தில் எழுப்பிய நினைவுத் தூண். அந்த இனம் அழிந்துபோகும் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் பலரும் நம்பினார்கள். நேற்று அதன் நிழலில் ஒரு மாவோரிக் குடும்பம் சாப்பாட்டுக் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தது. பாட்டி, பேரன், பேத்தி எல்லாரும்.

முட்டிவலி தேவலை. மனுத்தாக்கலுக்குக் கடைசித் தேதி என்றைக்கு? எழுது.

உன்,
சுந்தரம்